குரங்கு தின்ற பழத்தின் சத்தைக் கணக்கிடுவது எப்படி?

சோலைமந்தி (சிங்கவால் குரங்கு) ஒரு பழந்தின்னி என்று குறிப்பேட்டில் எழுதுவதால் அதன் உணவைப் பற்றி எதுவும் சொன்னதாகாது. ஆனைமலைக் காட்டில் அது தேடிப்போகும் வெடிபலா மரத்தின் காயில், முள் நிறைந்த தோட்டைப் பிளந்து உள்ளிருக்கும் விதையைத்தான் தின்கிறது. ஆகவே வயிற்றுக்குள் போன பகுதியை மட்டுமே அளக்க வேண்டும்.

வனத்துறையின் அனுமதியோடு, ஒரே விலங்கை விடியல் முதல் அது இரவு தங்கும் மரம் வரை பின்தொடர்ந்து, நிமிடத்துக்கு எத்தனை பழம் தின்றது, எதைத் துப்பியது என்று குறித்துக்கொள்ளுங்கள். சோலைமந்திக்குக் கன்னப்பை உண்டு; ஒரு மரத்தில் வாய் நிறைய அடக்கிக்கொண்டு அடுத்த மரத்தில் உட்கார்ந்து மெல்லும் என்பதால், அது மரம் மாறியதும் ஏட்டை மூடிவிடக் கூடாது. கன்னப்பை இல்லாத கருமந்தியிடம் (நீலகிரி லங்கூர்) இந்தத் தொல்லை கிடையாது.

பின்னர் அதே மரத்தில், அதே பக்குவத்தில் உள்ள பழங்களைப் பறித்து (கீழே விழுந்து கிடப்பவை உதவா), தின்னும் பகுதியைப் பிரித்து எடை பார்த்து, 60 டிகிரி செல்சியஸைத் தாண்டாத சூட்டில், எடை மேலும் குறையாத நிலை வரும் வரை உலர்த்துங்கள். சூடு மிகுந்தால் சர்க்கரையும் புரதமும் பிணைந்து நார்ச்சத்தின் அளவைக் கூட்டிக் காட்டும். நைட்ரஜன் அளவை 6.25ஆல் பெருக்கிப் புரதம் என்று கொள்வது வழக்கம். ஆனால் காட்டுப் பழங்களில் புரதமல்லாத நைட்ரஜனும் இருப்பதால் இக்கணக்கு சற்று மிகையாகவே வரும். அத்திப்பழத்தினுள் இருக்கும் குளவிகளை அகற்றாமல் சேர்த்தே அரையுங்கள். குரங்கும் அவற்றைப் பொறுக்கிவிட்டுத் தின்பதில்லை.

முடிவைப் பழவாரியாக அல்லாமல் நாள்வாரியாகக் கூட்டுங்கள். பொலிவியாவின் சிலந்திக் குரங்குகள், பழுத்த பழங்களையே பெரிதும் தின்றபோதும், அன்றாடப் புரத அளவை ஏறக்குறைய மாறாமல் வைத்திருந்தன. ஏறி இறங்கியது சர்க்கரையும் கொழுப்பும்தான். தனித்தனிப் பழங்களின் பட்டியலில் இது புலப்பட்டிராது.

உணவுக்கும் மூளையின் அளவுக்கும் தொடர்பு உண்டா என்பது போன்ற பரிணாமக் கேள்விகளைப் பற்றிப் பேச இத்தகைய கணக்குகள் பல இனங்களுக்குத் தேவை. பனாமாவின் பாரோ கொலராடோ தீவில், உடல் எடையில் ஏறத்தாழ ஒத்த இரு குரங்கினங்களை ஆய்வாளர் கேத்தரின் மில்டன் ஒப்பிட்டார். பழம் தின்னும் சிலந்திக் குரங்கின் மூளை சுமார் 107 கிராம். உணவு அதன் குடலைக் கடக்கச் சுமார் 4 மணி நேரம். இலையை அதிகம் தின்னும் ஊளைக் குரங்குக்கு அவை சுமார் 50 கிராம், 20 மணி நேரம். கவர்ச்சியான ஒப்பீடுதான், ஆயினும் இரண்டு இனங்களை மட்டும் வைத்து விதி வகுக்க இயலாது. 2017இல் 140க்கும் மேற்பட்ட இனங்களை ஆராய்ந்தவர்கள், மூளையின் அளவோடு உணவு கொண்டுள்ள தொடர்பு குழுவின் அளவு கொண்டுள்ளதைவிட வலுவானது என்று கண்டனர். உங்கள் தரவுகளையும் அவ்வாறு ஒப்பிடும்போது, நெருங்கிய உறவுடைய இனங்களைத் தனித்தனிச் சான்றுகளாக எண்ணாமல், மரபுக் கிளைகளில் அவற்றின் இடத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.