நெம்பாதீர்கள், தூக்குங்கள்: உடைந்த கன்ன வளைவை கில்லீஸ் வழியில் நிமிர்த்துவது

பைக்கிலிருந்து விழுந்தவர் காதுக்கு முன்னால் ஒரு குழியோடு வந்து "வாயை முழுசாத் திறக்க முடியலை" என்றால், சைகோமாட்டிக் ஆர்ச் (கன்ன எலும்பிலிருந்து காது வரை போகும் வளைவு) உள்ளே மடிந்து கீழ்த்தாடையின் கொரோனாய்டு முனையை, அதாவது அதன் மேல்நோக்கி நீளும் முன் முனையை, முட்டுகிறதா என்று பாருங்கள். சிடி ஸ்கேனில் தெளிவாகத் தெரிந்துவிடும். வீக்கம் வடிய சில நாள் விடலாம், ஆனால் இரண்டு வாரத்தைத் தாண்டினால் எலும்பு ஒட்டத் தொடங்கி மல்லுக்கு நிற்கும்.

அறுவை மருத்துவர் ஹரால்ட் கில்லீஸும் சகாக்களும் 1927-ல் எழுதிய வழி இது. மயக்கம் கொடுத்த பிறகு, காது மடலின் மேல் நுனிக்குச் சுமார் 2.5 செ.மீ. மேலேயும் முன்னேயும், தழும்பு முடிக்குள் மறையும்படி, 2 செ.மீ. அளவில் வெட்டுங்கள். அதற்கு முன் விரலால் தமனித் துடிப்பைத் தேடி, அதை விட்டு விலகிக்கொள்ளுங்கள்.

அப்புறம் வருவதுதான் விஷயமே, சரியான அடுக்கு. வெள்ளையாகப் பளபளக்கும் டெம்போரல் ஃபேசியா (நெற்றிப்பொட்டுத் தசையின் மேலுறை) தெரியும் வரை போங்கள். அதையும் கீறினால் சிவப்பாகத் தசை பிதுங்கும். கருவி போக வேண்டியது இந்த இரண்டுக்கும் நடுவே. ஏனென்றால் ஃபேசியா வளைவின் மேல் விளிம்பில் ஒட்டி நின்றுவிடுகிறது, தசையோ வளைவுக்கு அடியில் புகுந்து இறங்குகிறது, ஆகவே தசையை ஒட்டியே நழுவினால் நேராக எலும்பின் பின்புறம் போய்ச் சேருவீர்கள். ஃபேசியாவுக்கு மேலே போனால் வளைவுக்கு வெளியே வந்து நிற்பீர்கள், புருவத்தை உயர்த்தும் நரம்பு அங்கேதான் ஓடுகிறது.

எலும்பைத் தூக்கும் கருவிகளில் பிரிஸ்டோ எலிவேட்டர் ஒற்றைக் கம்பி. கையில் எடுத்ததும் மண்டை ஓட்டில் ஊன்றி நெம்பத் தோன்றும், கூடவே கூடாது, அங்கே எலும்பு மெல்லிசு. ரோ எலிவேட்டரில் வெளிக்கை ஒன்று இருப்பதால் உள்ளே நுனி எங்கே இருக்கிறது என்று தெரியும், தூக்கவும் வசதி. கிடைத்தால் நான் அதைத்தான் எடுப்பேன். உதவியாளர் தலையைப் பிடித்துக்கொள்ள, மறுகை விரலைக் கன்னத்தில் வைத்து, மொத்தமாக வெளிநோக்கித் தூக்குங்கள். பெரும்பாலும் 'களுக்' என்று சத்தம் கேட்கும்.

தையல் போடுமுன் தாடையைத் திறந்து பாருங்கள், வளைவில் முட்டக் கூடாது. பல துண்டாக நொறுங்கிய வளைவு இப்படி நிற்காது, அதற்கு எலும்பைப் பிணைக்கும் உலோக பிளேட் வேண்டியிருக்கும். நின்றுவிட்டால் பிளேட் தேவையில்லை, ஆனால் சில வாரம் அந்தப் பக்கம் படுக்கக் கூடாது. தியேட்டரை விட்டுப் போகுமுன் கன்னத்தில் டேப் ஒட்டி "அழுத்தாதே" என்று எழுதிவிடுங்கள், வார்டில் யாராவது அந்தப் பக்கமே திருப்பிப் படுக்கவைத்துவிடுவார்கள்.