பழைய கம்ப்யூட்டரில் ஃபிளைட் சிமுலேட்டர்: காசு போடும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2016, 17 வாக்கில் வாங்கிய டெஸ்க்டாப். இன்டெல் ஐ5-6500 பிராசசர், 8 ஜிபி ரேம், 1 டிபி ஹார்டு டிஸ்க், 4 ஜிபி ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கார்டு. நம் ஊரில் பல வீடுகளில் இன்றும் ஓடிக்கொண்டிருப்பது கிட்டத்தட்ட இந்த மெஷின்தான். இதில் மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் 2020-ஐப் போட்டால் ஓடும். ஆனால் ஓடுபாதையை நெருங்கும்போது, கை நிதானமாக இருக்க வேண்டிய அந்தக் கடைசி நிமிடத்தில், படம் திக்கித் திக்கி நகரும். உடனே எல்லோருக்கும் தோன்றுவது, நல்ல கிராபிக்ஸ் கார்டு ஒன்றை வாங்கிப் போட்டுவிடலாம் என்பதுதான். பெரும்பாலான பணம் வீணாவது இந்த இடத்தில்தான்.

மற்ற கேம்களில் கார்டை மாற்றினால் பலன் பளிச்சென்று தெரியும். ஃபிளைட் சிமுலேட்டர் வேறு ரகம். விமானம் காற்றில் எப்படி நடந்துகொள்ளும் என்ற கணக்கு, காக்பிட் கருவிகள், சுற்றிப் பறக்கும் மற்ற விமானங்கள், கண்ணுக்கெட்டிய தூரம்வரை நிலத்தையும் கட்டடங்களையும் அடுக்குவது என்று வேலையின் பெரும்பகுதி பிராசசரில் ஒரே ஒரு த்ரெட் (ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும் வேலை வரிசை) மேல் போய் விழுகிறது. இதைத்தான் மெயின்த்ரெட் என்கிறார்கள். அது தன் கணக்கை முடித்துக் கொடுக்கும்வரை எவ்வளவு பெரிய கார்டாக இருந்தாலும் காத்துக்கொண்டுதான் இருக்கும்.

ஆகவே முதல் தவறு, அளந்து பார்க்காமல் வாங்குவது. அளப்பதற்குச் செலவு எதுவும் இல்லை. சிமுலேட்டரின் பொது அமைப்புகளில் டெவலப்பர் மோடை ஆன் செய்தால் மேலே ஒரு மெனு வரும். அதில் எஃப்பிஎஸ், அதாவது ஒரு நொடிக்கு எத்தனை படங்கள் வருகின்றன என்பதைக் காட்டச் சொல்லுங்கள். திரையின் ஓரத்தில் ஒரு சின்னப் பெட்டி தோன்றி, இப்போது வேகத்தைத் தடுப்பது மெயின்த்ரெட்டா, கிராபிக்ஸ் கார்டா என்று நேராகவே சொல்லிவிடும். அதோடு ஒரு சோதனையும் செய்யுங்கள். கார்டு படத்தை எவ்வளவு பெரிதாக வரைகிறது என்பதைக் குறிக்கும் ரெண்டர் ஸ்கேலிங்கை 100-லிருந்து 70-க்கு இறக்குங்கள். எஃப்பிஎஸ் 22-லிருந்து 30-க்கு ஏறினால் மூச்சு வாங்குவது கார்டு. 22, 23 என்று அதே இடத்தில் நின்றால் பிராசசர். இரண்டாவது நிலையில் இருப்பவர் எவ்வளவு விலை கொடுத்துக் கார்டு வாங்கினாலும் அந்த 22 பெரிதாக மாறப்போவதில்லை. படத்தைச் சிறிதாக வரைந்து பெரிதாக்கிக் காட்டும் டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர் போன்ற அப்ஸ்கேலிங் வசதிகளும் கார்டின் சுமையைக் குறைப்பவைதான். மெயின்த்ரெட் தடுக்கும்போது அவற்றாலும் பயனில்லை.

சோதனையை எங்கே செய்கிறோம் என்பதும் முக்கியம். கிராமத்து விமானத்தளம் ஒன்றில் செஸ்னா 172 என்ற குட்டி விமானத்தை நிறுத்திவைத்து அளந்தால் எல்லா மெஷினும் நல்ல மெஷின்தான். நீங்கள் ஆசையோடு ஓட்டுவது ஏ320 போன்ற பயணிகள் ஜெட் என்றால், அதை மீனம்பாக்கத்திலோ லண்டன் ஹீத்ரோவிலோ நிறுத்தி அளக்க வேண்டும். கண்ணாடித் திரைகள் நிறைந்த காக்பிட்டும் பெரிய நகரமும் சேர்ந்தால்தான் பிராசசரின் நிஜ நிலை தெரியும். டாஸ்க் மேனேஜரை மட்டும் நம்பாதீர்கள். எட்டு கோர் பிராசசரில் மொத்தப் பயன்பாடு 35 சதவீதம் என்று அது காட்டும்போதே, அதில் ஒரு கோர் முழுதாகத் திணறிக்கொண்டிருக்கலாம்.

தடுப்பது எது என்று தெரிந்த பிறகும் கடைக்கு ஓட வேண்டாம். கேபினட்டைத் திறந்து தூசியைத் துடைத்து, பிராசசர் மேல் காய்ந்துபோன தெர்மல் பேஸ்டை மாற்றுங்கள். நம் வெயிலுக்கு எட்டு வருடம் ஓடிய மெஷின், சூடு தாங்காமல் தானே வேகத்தைக் குறைத்துக்கொண்டு ஓடினால் ஆச்சரியமில்லை. அப்புறம் அமைப்புகள். டெரெய்ன் எல்ஓடி, ஆப்ஜெக்ட் எல்ஓடி (நிலமும் கட்டடங்களும் எவ்வளவு தூரம்வரை நுணுக்கமாகத் தெரிய வேண்டும் என்பவை), விமானப் போக்குவரத்து, காக்பிட் திரைகளின் புதுப்பிப்பு வேகம் ஆகிய நான்கும் பிராசசரைத் தின்பவை. மேகம், நிழல், ரெசல்யூஷன் எல்லாம் கார்டின் பங்கு. எது தடுக்கிறதோ அதற்குரியதை மட்டும் இறக்கினால் போதும். எல்லாவற்றையும் 'லோ'வில் வைத்துவிட்டு அழகே இல்லை என்று வருந்துவது தேவையில்லாத தியாகம்.

60 எஃப்பிஎஸ் வேண்டும் என்ற பிடிவாதமும் பட்ஜெட்டைக் கெடுக்கிறது. இங்கே யாரும் யாரையும் சுட்டுவிட்டுத் திரும்பப்போவதில்லை. ஏற்ற இறக்கம் இல்லாத 30 எஃப்பிஎஸ்ஸில் தரையிறக்கம் நன்றாகவே வரும். 25-க்கும் 50-க்கும் இடையே குதித்துக்கொண்டே இருப்பதைவிட 30-இல் பூட்டிவைப்பதே கண்ணுக்கும் கைக்கும் நல்லது.

சரி, இவ்வளவு செய்தும் பிராசசர்தான் இடிக்கிறது என்றால்? ஐ5-6500 வைத்திருப்பவர்கள் வழக்கமாக விழும் குழி ஒன்று இருக்கிறது. அந்த மதர்போர்டில் பிராசசர் உட்காரும் சாக்கெட் எல்ஜிஏ 1151. எட்டாம் தலைமுறை ஐ7-8700-க்கும் எல்ஜிஏ 1151 என்றுதான் போட்டிருக்கும். பார்த்தால் அப்படியே உட்காரும், ஆனால் வேலை செய்யாது. எட்டாம் தலைமுறைக்கு 300 வரிசை சிப்செட் போர்டு வேண்டும். பழைய போர்டில் போகக்கூடிய உச்சம் ஏழாம் தலைமுறை ஐ7-7700 வகைதான். உச்சம் என்பதாலேயே பழைய மார்க்கெட்டிலும் அதன் விலை இறங்க மறுக்கிறது. அதில் காசு போடாதீர்கள் என்றுதான் அழுத்திச் சொல்வேன். ஒரு த்ரெட்டின் வேகத்தில் கிடைக்கும் லாபம் சிறிது. ஐ7-7700 விண்டோஸ் 11-இன் அதிகாரப்பூர்வப் பட்டியலிலும் இல்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவோ 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது.

அந்தப் பணத்தோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து போர்டையும் பிராசசரையும் சேர்த்தே மாற்றுவது நல்லது. ஐ3-12100எஃப் பிராசசரை ஒரு எச்610 போர்டோடு போடலாம். 'ஐ3தானே' என்று முகம் சுளிக்க வேண்டாம். நான்கே கோர்தான், ஆனால் ஒவ்வொன்றும் பழைய ஐ5-ஐ வெகுதூரம் பின்னுக்குத் தள்ளும். போர்டு வாங்கும்போது டிடிஆர்4 ரேம் போடும் வகையா என்று கேட்டு வாங்குங்கள். அதே எச்610 டிடிஆர்5-க்கும் வருகிறது. ரேம் விலை 2025 இறுதியில் கடுமையாக ஏறியதைப் பார்த்தால், கையில் இருக்கும் டிடிஆர்4-ஐ அப்படியே எடுத்துப் போட முடிவதே பெரிய மிச்சம். ஆறாம் தலைமுறை போர்டுகள் சிலவற்றில் டிடிஆர்3எல் இருக்கும். அதையும் முதலில் திறந்து பார்த்துவிடுங்கள்.

ஏஎம்டி பக்கம் போனால் பெயரில் ஏமாறக்கூடாது. ரைசன் 5 5500-க்கும் 5600-க்கும் எண்ணில் சின்ன வித்தியாசம்தான், ஆனால் பிராசசருக்குள்ளேயே இருக்கும் வேகமான நினைவகமான எல்3 கேஷ் முதலாவதில் 16 எம்பி, இரண்டாவதில் 32 எம்பி. கேஷ் அதிகமானால் அதிகம் பலன் பெறும் மென்பொருள்களில் ஃபிளைட் சிமுலேட்டர் ஒன்று. 96 எம்பி கேஷோடு 2022-இல் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி சிமுலேட்டர் ஆட்களிடம் அவ்வளவு பெயர் வாங்கியதற்குக் காரணம் அதுதான். ஏற்கெனவே ஏஎம்4 சாக்கெட் உள்ள போர்டில் முதல் தலைமுறை ரைசன் வைத்திருப்பவர்கள் அதிர்ஷ்டசாலிகள். பல பி350, பி450 போர்டுகளில் பயாஸை (போர்டின் அடிப்படை மென்பொருளை) மட்டும் புதுப்பித்துவிட்டு 5000 வரிசையைப் போடலாம். பழைய பிராசசரைக் கழற்றுவதற்கு முன்பே பயாஸை ஏற்றிவிட வேண்டும். கழற்றி விற்ற பிறகு நினைவு வந்தால், புது பிராசசர் அந்த போர்டில் விழிக்காது.

ரேமில் நடக்கும் தவறு எளிது. 8 ஜிபி ஒற்றை ஸ்டிக் போதவே போதாது. 16 ஜிபி இருந்தால் 2020 பதிப்பு ஓடும். 2024 பதிப்புக்குக் குறைந்தபட்சமே 16 தான், பரிந்துரை 32. இரண்டு ஸ்டிக்காகப் போடுங்கள். நான்கு ஸ்லாட் போர்டு என்றால் பெரும்பாலும் பிராசசரிலிருந்து இரண்டாவதும் நான்காவதும். எஸ்எஸ்டி கட்டாயம் வேண்டும், ஆனால் அது எஃப்பிஎஸ்ஸைக் கூட்டாது. காத்திருக்கும் நேரத்தையும் சில திக்கல்களையும் குறைக்கும். அதற்குச் சாதாரண சாட்டா எஸ்எஸ்டியே போதும்.

கார்டுதான் தடை என்று சோதனை சொல்லியிருந்தால் தாராளமாகக் கார்டு வாங்குங்கள், மூன்று விஷயங்களைப் பார்த்துவிட்டு. ரேடியான் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி நான்கே பிசிஐஇ லேன்களோடு, அதாவது போர்டோடு தரவு பரிமாறும் தடங்களோடு வருவது. பிசிஐஇ 3.0 உள்ள பழைய போர்டில் அந்தப் பாதையும் பாதியாகக் குறுகிவிடும், மெமரியும் 4 ஜிபிதான். இன்டெல் ஆர்க் கார்டுகளுக்கு, கார்டின் மெமரி முழுவதையும் பிராசசர் ஒரே நேரத்தில் அணுக உதவும் ரீசைசபிள் பார் என்ற வசதி போர்டில் இருந்தாக வேண்டும். ஆறாம், ஏழாம் தலைமுறை போர்டுகளில் அது பொதுவாக இருப்பதில்லை; இல்லாவிட்டால் வேகம் வெகுவாக விழும். மூன்றாவது, கம்ப்யூட்டருக்குள் மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ். பழைய கேபினட்டோடு இலவசமாக வந்த எஸ்எம்பிஎஸ்ஸில் கார்டுக்கான 8 பின் வயர் இருக்காது. அப்போது கடையில், ஹார்டு டிஸ்க்குக்கு மின்சாரம் கொண்டுபோகும் சாட்டா வயரிலிருந்து மாற்றிக்கொடுக்கும் ஒரு அடாப்டரை நீட்டுவார்கள். தயவுசெய்து வாங்காதீர்கள். ஒரு சாட்டா பவர் கனெக்டர் 12 வோல்ட்டில் தாங்குவது 54 வாட், 8 பின் கனெக்டர் கார்டுக்குக் கொடுக்க வேண்டியது 150 வாட். இடையில் இருக்கும் பிளாஸ்டிக் உருகும், தீயும் பிடிக்கலாம். நல்ல எஸ்எம்பிஎஸ்ஸுக்குப் பணம் இல்லையென்றால் கார்டைத் தள்ளிப்போடுங்கள். வீட்டு யூபிஎஸ்ஸையும் பாருங்கள். 600 விஏ என்று எழுதியிருந்தால் பொதுவாக 360 வாட்தான் தாங்கும்.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழைய ஆபீஸ் டெஸ்க்டாப் மலிவாகக் கிடைக்கிறதே என்று கேட்பவர்களுக்கும் இதுதான் பதில். அந்தப் பிராண்டட் பெட்டிகளில் பலவற்றின் எஸ்எம்பிஎஸ் கனெக்டரே வேறு. மெலிந்த மாடல் என்றால் உயரம் குறைந்த கார்டுதான் நுழையும்.

கடைசியாக ஒன்று. மொத்த பட்ஜெட்டையும் பெட்டிக்குள் கொட்டிவிட்டுக் கீபோர்டில் பறக்காதீர்கள். எக்ஸ்ட்ரீம் 3டி ப்ரோ போன்ற சாதாரண லாஜிடெக் ஜாய்ஸ்டிக் போதும். பிடியைத் திருகினால் மூக்கை இடவலமாகத் திருப்பும் ரட்டர், அடியில் எஞ்சின் வேகத்துக்கான த்ராட்டிலுக்கு ஒரு நெம்புகோல். குறுக்குக் காற்றில் மூக்கை ஓடுபாதைக்கு நேராகப் பிடித்து இறக்குவதைக் கீபோர்டு பொத்தான்களால் செய்து பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். பெட்டிக்கு இப்போது பணம் போதவில்லையா, ஜாய்ஸ்டிக்கை முதலில் வாங்கிவிடுங்கள். எக்ஸ்-பிளேன் 12-க்கு இலவச டெமோ உண்டு, ஃபிளைட்கியர் முழுக்கவே இலவசம். பணம் சேரும்வரை அதே பழைய மெஷினில் இவற்றைப் போட்டுப் பறக்கலாம். பின்னால் கம்ப்யூட்டரே மாறினாலும் அந்த ஜாய்ஸ்டிக் கூடவே வரும்.