அத்தையின் கட்டைவிரலைப் பார்த்து யூஎக்ஸ் படிக்கலாம்

யூஎக்ஸ் என்றால் தளத்தையும் செயலியையும் ஆட்கள் எளிதாகப் பயன்படுத்தும்படி வடிவமைப்பது. அதைப் படிக்கக் கோலாலம்பூருக்குத்தான் போக வேண்டும் என்றில்லை. நான் சுங்கை சிப்புட்டில், ஒட்டுக்கடை மேசையில்தான் தொடங்கினேன்.

முதலில், பயன்பாட்டு எளிமை நிபுணர் ஜேக்கப் நீல்சன் நல்ல வடிவமைப்புக்கென்று 1994இல் வகுத்த 10 விதிகளைப் படியுங்கள். மனப்பாடம் வேண்டாம். நாளுக்கு ஒரு விதி; அதை மீறும் தளம் ஒன்றைத் தேடி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

அப்புறம் ஆளைத் தேடுங்கள். இந்தப் படிப்பின் உயிரே இங்கேதான் இருக்கிறது. முப்பது வருடம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய என் அத்தையிடம் கைப்பேசியைக் கொடுத்து, "கரண்டு பில்லைக் கட்டுங்க அத்தை" என்றேன். காய்த்துப்போன கட்டைவிரல், 'செலுத்து' பொத்தானை ஒட்டியிருந்த 'ரத்து' மேல் பட்டது. நிரப்பியதெல்லாம் போச்சு. "எனக்கு இதெல்லாம் வராதும்மா" என்று தன்னையே நொந்துகொண்டார். எனக்கு மனசு கேட்கவில்லை. இரண்டு பொத்தான்களையும் அப்படி ஒட்டி வைத்தவர் செய்த பிழை அது.

அந்த நேரத்தில் உதவிக்குக் கை நீட்டிவிடாதீர்கள். விரல் எங்கே தயங்கியது, வாய் என்ன முணுமுணுத்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஐந்து பேரிடம் பார்த்தாலே பெரும்பாலான குறைகள் தெரிந்துவிடும் என்பது நீல்சனின் கணக்கு.

சரி, திருத்துவது? ஃபிக்மா என்ற வடிவமைப்பு மென்பொருள் பிறகு, முதலில் தாளில் வரையுங்கள். பொத்தான் குறைந்தது 44 பிக்சல், எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 ஒளிர்வு வேறுபாடு: இரண்டும், எல்லோரும் பயன்படுத்தும்படி தளம் அமைப்பதற்கான டபிள்யூசிஏஜி வழிகாட்டியில் உள்ளவை. வரைந்ததை அதே ஆளிடம் காட்டுங்கள். 'ரத்து' என்பதைத் தள்ளி வரைந்த தாளில், அத்தை விரலை நேராக 'செலுத்து' மேல் வைத்தார்.