கையில் வேலை இருக்கிறது, பையில் கடிதம் இல்லை: எண்ணெய் வேலை தேடுபவர்கள் விடும் தவறுகள்

போன மாதம் ஒரு சனிக்கிழமை, கொள்ளுப்பிட்டிப் பக்கம் ஒரு ஹோட்டலில் சவூதிக்கு ஆள் எடுக்கும் நேர்முகம் நடந்தது. அக்காவின் மகனுக்குத் துணையாகப் போயிருந்தேன். வாசலில் முப்பது நாற்பது பேர், ஆளுக்கொரு பிளாஸ்டிக் ஃபைல். காலை எட்டு மணிக்கே எல்லாருடைய கொலரும் நனைந்துவிட்டது. பதினொரு மணிபோல உள்ளேயிருந்து ஒருவர் வெளியே வந்தார். கொட்டாஞ்சேனைக்காரர். பதினொரு வருடம் கட்டாரிலும் ஓமானிலும் குழாய்த் தடங்களைப் பரிசோதித்தவர். ஃபைலால் சுவரில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டிவிட்டு என்னிடம் சொன்னார்: "அண்ணா, என்னை மேசன் என்கிறான்."

நான் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது. 2016இல் இதே வீதியில் வேறொரு ஹோட்டலில் என்னையும் மேசன் என்றுதான் சொன்னார்கள்.

என் தொழில் என்.டி.டி. ஆலையில் இருக்கும் குழாயை வெட்டாமல் உடைக்காமல், வெல்டிங்குக்குள் வெடிப்பு இருக்கிறதா, சுவர் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்க்கும் வேலை. 22 வருடமாகிறது. கடவுச்சீட்டுக் காலாவதியைப் பாருங்கள், ஏஜென்சிக்கு உரிமம் உண்டா என்று பத்தரமுல்லையில் வேலைவாய்ப்புப் பணியகத்தில் கேளுங்கள் என்றெல்லாம் நான் எழுதப்போவதில்லை. வேலை நன்றாகத் தெரிந்தவர்கள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்பதுதான் விஷயம்.

"20 வருட அனுபவம்" என்று சி.வி.யின் தலையில் எழுதுவது

நேர்முகம் செய்கிறவருக்கு வருடக் கணக்கு காதில் ஏறாது. கடைசியாகச் செய்த ஷட்டவுனில், அதாவது பராமரிப்புக்காக ஆலையை நிறுத்திய காலத்தில், எந்த யூனிட், எந்த லைன், எந்த விதிமுறைப்படி பார்த்தீர்கள், எதை நிராகரித்தீர்கள், ஏன் என்று கேட்பார். "எல்லா வேலையும் செய்வேன் சேர்" என்று சொன்னால் அவர் மனத்தில் நீங்கள் ஹெல்பர். முதல் பக்கத்திலேயே நான்கு வேலைகளை எழுதுங்கள். ஆலை, யூனிட், குழாய் விதிமுறை ஏ.எஸ்.எம்.ஈ. பி31.3 ஆ, ஏ.பி.ஐ. 570 ஆ, உங்கள் கையில் இருந்த கருவி எது. அவ்வளவு போதும்.

இதோடு சேர்ந்த இன்னொரு பழக்கமும் நம்மவர்களிடம் உண்டு. நம் நாட்டுச் சபுகஸ்கந்தை எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் ஒப்பந்தத்துக்கு வேலை செய்தவர்கள் அதை வாய்க்குள் முணுமுணுத்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். நாளொன்றுக்கு 50,000 பீப்பாய் ஆலை, 1969இல் தொடங்கியது, அபுதாபியின் ருவைஸ் மாதிரி 8 இலட்சத்தைத் தாண்டிய ஆலைக்கு முன்னால் சொல்ல வெட்கம். நான் மறுபக்கமாகப் பார்க்கிறேன். அரை நூற்றாண்டு பழைய ஆலை, கடற்காற்று, ஈரம். இன்சுலேஷனுக்குக் கீழே வெளியே தெரியாமல் அரித்திருக்கும் குழாயை அங்கே பார்த்த அளவுக்கு, புது ஆலையில் பத்து வருடம் மீட்டர் பிடித்தவன் பார்த்திருக்க மாட்டான். நேர்முகத்தில் அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

சேவைக் கடிதம் இல்லாமல் ஊர் திரும்புவது

இதை எழுதும்போது இன்னும் பல் கடிபடுகிறது.

2008இல் கட்டாரில், ராஸ் லஃபானில் ஒரு ஒப்பந்தக் கம்பனிக்குப் போனேன். கம்பனி கேட்டது என்.டி.டி. ஆள், ஆனால் அதன் கையில் மீதம் இருந்தது மேசன் விசா. "போனதும் மாற்றிக்கொள்ளலாம் தம்பி" என்றார் கொழும்பு ஏஜென்சிக்காரர். போன பிறகு யாரும் மாற்றவில்லை. நானும் கேட்கவில்லை. சம்பளம் நேரத்துக்கு வந்தது, வேலை பிடித்திருந்தது. ஏழு வருடம் என் அடையாள அட்டையில் மேசன் என்றே இருந்தது. ஒரு செங்கல் தொட்டதில்லை.

2014 ஜூனில் பிரென்ட் எண்ணெய் பீப்பாய்க்கு 110 டொலருக்கு மேல். 2016 ஜனவரியில் 30க்குக் கீழே. இடையில் எங்கள் கம்பனிக்கு இருந்த வேலைகள் ஒவ்வொன்றாகக் கையைவிட்டுப் போயின. 2015 கடைசியில் என்னைக் கூப்பிட்டுக் கணக்கு முடித்தார்கள். அந்த வாரம் மனிதனுக்கு மூளை வேலை செய்யாது. பணிக்கொடை சரியா, டிக்கெட் எந்த நாள், பிள்ளைகளுக்கு என்ன வாங்குவது, பெட்டி நிறை எவ்வளவு. மனிதவளப் பிரிவில் ஒரு கடிதம் நீட்டினார்கள், வாங்கி மடித்துப் பையில் வைத்தேன். வெள்ளவத்தையில் வீட்டுக்கு வந்து இரண்டு மாதம் கழித்துத்தான் முழுவதாக வாசித்தேன். இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை மேசனாகப் பணியாற்றினார், நடத்தை திருப்தி. கணினியில் விசாவில் என்ன இருந்ததோ அது அப்படியே கடிதத்துக்கு வந்திருந்தது.

ஹோட்டல் நேர்முகத்தில் அதை வாசித்தவர் நல்ல மனிதர்தான். "மேசன் எதற்காக வெல்டிங்கைப் பரிசோதித்தார்?" என்று உண்மையாகவே புரியாமல் கேட்டார். என்.டி.டி.யில் நான் வைத்திருந்த லெவல் டூ, அதாவது இரண்டாம் நிலைச் சான்றிதழை எடுத்து வைத்தேன். அதையும் திருப்பித் தந்தார்.

அது ஏன் என்பதுதான் புதியவர்களுக்கு யாரும் சொல்லித் தராத இடம். வளைகுடாவில் நம்மில் பலர் வைத்திருக்கும் லெவல் டூ, எஸ்.என்.டி-டிசி-1ஏ என்ற அமெரிக்க வழிகாட்டியின்படி கொடுக்கப்படுவது. அதில் சான்றளிப்பவர் முதலாளி. கம்பனியே பயிற்சி கொடுத்து, பரீட்சை வைத்து, இவர் எங்களுக்காக இந்த வேலையைச் செய்யலாம் என்று எழுதித் தருகிறது. வேலையை விட்ட அன்றே அதன் உயிர் போய்விடும். ஏமாற்று ஒன்றுமில்லை, முறையே அப்படித்தான். அதைப் பள்ளிக்கூடச் சான்றிதழ் மாதிரிச் சட்டம் போட்டு வைத்திருந்தேன். உண்மையில் அது கம்பனி அடையாள அட்டை மாதிரி.

புதுக் கம்பனி நினைத்தால் உங்களுக்கு மறுபடி சான்று கொடுக்கலாம். அதற்கு ஆதாரம் கேட்பார்கள்: எத்தனை மணி நேரப் பயிற்சி, எந்த முறையில் எத்தனை மணி நேரம் வேலை, பரீட்சைப் புள்ளி, வருடாந்தக் கண் பரிசோதனை. இவை எல்லாமே என் பெயரில் ஒரு ஃபைலில் இருந்தன. அந்த ஃபைல் ராஸ் லஃபானில் ஓர் அலமாரியில். அங்கிருந்த அலுவலகத்தைக் காலி செய்துவிட்டார்கள். அனுப்பிய மின்னஞ்சல் இரண்டு தடவை திரும்பி வந்தது, பிறகு திரும்பி வரவும் இல்லை.

முடிவு என்ன? ஓமானில் இரண்டு வருடம் அசிஸ்டன்ட். நான் கட்டாரில் வேலை பழக்கிய பையன் ஒருவனே அங்கே எனக்கு மேலே இருந்தான். சம்பளம் பழையதில் பாதிகூட இல்லை. அப்புறம் 2018இல் சென்னைக்குப் போய், ஐ.எஸ்.ஓ. 9712 முறையில், முதலாளியைச் சாராமல் வெளி அமைப்பு கொடுக்கும் சான்றிதழுக்குப் பரீட்சை எழுதினேன். ஐந்து வருடம் செல்லும், கம்பனி மாறினாலும் கையோடு வரும். அதற்கு வெள்ளவத்தையில் எடுத்த சீட்டுக்காசு முழுவதும் போயிற்று. 2012இலேயே எழுதியிருக்கலாம். அப்போது சம்பளம் வந்துகொண்டிருந்தது, அதனால் தோன்றவில்லை.

ஆகவே கடிதத்தை எப்போது கேட்பது? கணக்கு முடிக்கும் வாரத்தில் அல்ல. இடையில் கேட்டால் வேலையை விடப்போகிறான் என்று நினைப்பார்களே என்ற பயம் எனக்கும் இருந்தது. அதற்கு நான் பிறகு கண்டுபிடித்த நேரம், ஓடிட் முடிந்த வாரம். ஆலைக்காரர்கள் ஓடிட்டுக்கு வரும்போது ஒவ்வொரு பரிசோதகரின் ஃபைலையும் அடுக்கி, குறைந்ததை நிரப்பி, கையெழுத்தெல்லாம் வாங்கி வைத்திருப்பார்கள். வருடத்தில் அந்த ஒரு வாரம்தான் உங்கள் ஃபைல் முழுமையாக இருக்கும். ஃபைல்களைப் பராமரிக்கும் டொக்கியுமென்ட் கொன்ட்ரோலரோடு ஒரு தேநீர் குடித்துவிட்டு, என் பயிற்சிப் பதிவுக்கும் கண் பரிசோதனைக்கும் ஒரு பிரதி வேண்டும் என்றால், யாரும் எதையும் சந்தேகிக்க மாட்டார்கள்.

கடிதம் இரண்டு வேண்டும். மனிதவளப் பிரிவின் கடிதம் விசாவில் உள்ள பதவியைத்தான் சொல்லும், அதோடு சண்டை பிடிப்பதில் பயனில்லை. இரண்டாவதைத் தளத்தில் இருக்கும் தரக் கட்டுப்பாட்டு மேலாளரிடம் வாங்குங்கள். உண்மையில் என்ன வேலை செய்தீர்கள், எந்தத் திட்டம், எந்த ஆலை, எந்தப் பரிசோதனை முறைகள், எந்தத் தேதிகள். கம்பனித் தலைப்பு, முத்திரை, கையெழுத்திட்டவரின் பெயர், பதவி, தொலைபேசி. முடிந்தால் அவருடைய சொந்த மின்னஞ்சலையும் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள், கம்பனி போனாலும் ஆள் எங்கேயாவது இருப்பார்.

தினமும் ஒரு குறிப்புப் புத்தகம் எழுதுங்கள். தேதி, முறை, மணி நேரம், மேற்பார்வையாளரின் கையெழுத்து வாரம் ஒரு தடவை. ஆனால் ஒன்று: ஆலையின் அறிக்கைகளையும் வரைபடங்களையும் தொடாதீர்கள். அவை ஆலையின் சொத்து. ஆதாரம் சேர்க்கிறேன் என்று குழாய்ச் சுவரின் தடிப்பு அறிக்கைகளைப் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு போன ஒருவரை வாசலிலேயே பிடித்தார்கள். அன்று மாலைக்கு அவருக்கு வேலையும் இல்லை, கடிதமும் இல்லை.

ஒரே சி.வி.யை ஐந்து ஏஜென்சிக்குக் கொடுப்பது

ஐந்தும் ஒரே மேசைக்குத்தான் போய்ச் சேரும்.

கையில் காசு இருக்கிறதென்று பயிற்சி வாங்கிக் குவிப்பது

கடல் மேடையில் வேலைக்குப் போகக் கேட்கும் பொசியெட் பயிற்சிக்கு ஆயுள் நான்கு வருடம். தலைகீழாகக் கவிழ்ந்த ஹெலிகொப்டரிலிருந்து தண்ணீருக்குள் வெளியே வரப் பழக்குவார்கள், தெரியும்தானே. எனக்குத் தெரிந்த ஒரு பையன் கடன்பட்டு அதை முடித்தான். அவனுக்கு வந்த அழைப்பெல்லாம் தரையில் உள்ள ஆலைகளுக்கு. இரண்டரை வருடம் அப்படியே போயிற்று. எண்ணெய்க் கிணற்றுக் கட்டுப்பாட்டுச் சான்றிதழும் அப்படித்தான், இரண்டு வருடத்தில் முடிந்துவிடும். கிணறு தோண்டும் ரிக்கில் இல்லாதவனுக்கு அது எதற்கு? வேலை உறுதியான பிறகு செய்யலாம், சில இடங்களில் கம்பனியே செலவைப் பார்க்கும்.

இதற்கு மாறாக, குறைந்த செலவில் கிடைப்பதை யாரும் கவனிப்பதில்லை. கடிதம் எதுவும் இல்லாமல் பத்துப் பதினைந்து வருடம் வெல்டிங், ஃபிட்டிங் செய்தவர்களுக்கு, வகுப்புக்குப் போகாமலே, செய்த வேலையை மதிப்பிட்டு என்.வி.கியூ. என்ற தேசியத் தொழில் தகைமைச் சான்றிதழ் கொடுக்கும் வழி, அரசாங்கப் பயிற்சி நிறுவனமான நைட்டாவில் இருக்கிறது. அதை வைத்து யாரும் உங்களை இன்ஸ்பெக்டர் ஆக்க மாட்டார்கள். ஆனால் வெல்டர் என்று அரசாங்க முத்திரையோடு ஒரு தாள் இருந்தால், மேசன் விசாவில் ஏற்றிவிட வருகிற ஏஜென்சியிடம் வாய் திறந்து பேசலாம்.

வயதைக் குறைத்து எழுதுவது

கடவுச்சீட்டு என்று ஒன்று இருக்கிறது.

வேலை போன பிறகு தேடத் தொடங்குவது

எண்ணெய் விலை விழுந்தால் எல்லாரும் ஒரே நாளில் தெருவுக்கு வருகிறோம். 2020 ஏப்ரல் 20 அன்று அமெரிக்க எண்ணெய் விலை பூச்சியத்துக்குக் கீழே, மைனஸ் 37 டொலருக்குப் போனது. அந்தக் கிழமை என் தொலைபேசிக்கு வந்த சி.வி.க்களை எண்ணவில்லை. விலை திரும்ப ஏறினாலும் சவூதியிலும் ஓமானிலும் முதலில் அவர்கள் நாட்டவரை நிரப்பிவிட்டுத்தான் நம் பக்கம் திரும்புவார்கள். அதில் கோபப்பட எதுவும் இல்லை.

இன்னொன்று, வளைகுடாவில் ஷட்டவுன்கள் பெரும்பாலும் வெயில் தணிந்த மாதங்களில்தான். அதற்கான ஆட்களை முன்கூட்டியே எடுத்துவிடுவார்கள். தீபாவளி முடியட்டும், பார்க்கலாம் என்று இருப்பவர் வருடா வருடம் மீதி இடத்துக்குத்தான் போகிறார்.

நேர்முகத்தில் பழைய கம்பனியைத் திட்டுவது

நானும் திட்டினேன். எடுக்கவில்லை.

யாரிடமும் கேட்காமல் விட்டுவிடுவது

அன்று கொட்டாஞ்சேனைக்காரரை அப்படியே வீட்டுக்கு விட மனமில்லை. காலி வீதியில் ஒரு தேநீர்க்கடையில் உட்கார்ந்தோம். பழைய தளத்தில் யார் உங்கள் மேலாளர் என்று கேட்டேன். ஒரு மலையாளி, இப்போது அபுதாபியில், முகநூலில் நண்பராக இருக்கிறாராம். ஆறு வருடமாக ஒரு வணக்கம்கூடச் சொன்னதில்லை, இப்போது போய் எப்படிக் கேட்பது என்று தயங்கினார். நான் தொலைபேசியை வாங்கி எழுதிக் கொடுத்தேன், அவர் அனுப்பினார். தேநீர் ஆறுவதற்குள் பதில் வந்துவிட்டது. எழுதித் தருகிறேன், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை என்று சொல்லு என்று கேட்டிருந்தார்.

தேதி இவருக்கு ஞாபகமில்லை. கடவுச்சீட்டை எடுத்து, மின்விசிறிக் காற்றில் தாள்கள் பறக்காமல் விரலால் அழுத்திக்கொண்டு, கட்டுநாயக்கா முத்திரைகளை ஒவ்வொன்றாகத் தேட ஆரம்பித்தோம்.