சீரற்ற சரும நிறம்: கருமையைக் கூட்டும் தவறுகள்

முகத்தில் கருமை படர்ந்தால் தேய்த்துப் போக்கிவிடலாம் என்று நினைப்பதுதான் முதல் தவறு. தோலில் எரிச்சல் ஏற்பட்டாலே, தோலுக்கு நிறம் தரும் மெலனின் கூடுதலாகச் சுரக்கும். மாநிறத்தவருக்கும் கறுத்த நிறத்தவருக்கும் இது இன்னும் அதிகம். ஸ்க்ரப்பை அழுத்தித் தேய்ப்பது, பருவைக் கிள்ளுவது, எலுமிச்சைச் சாற்றை அப்படியே பூசுவது எல்லாமே கறையை ஆழமாக்கும். எலுமிச்சை பூசிய இடத்தில் வெயில் பட்டால் கொப்புளம்கூட வரலாம்.

காரணம் தெரியாமல் க்ரீம் வாங்குவதும் வீண். இரு கன்னங்களிலும் நெற்றியிலும் படரும் மங்கு வெயிலாலும் ஹார்மோன் மாற்றத்தாலும் வருவது. கர்ப்ப காலத்திலும் கருத்தடை மாத்திரை எடுக்கும்போதும் தலைகாட்டும். பரு ஆறிய இடத்தில் நிற்கும் புள்ளி வேறு வகை. கழுத்தும் அக்குளும் வெல்வெட் போலத் தடித்துக் கறுத்தால் அது அழுக்கல்ல, பெரும்பாலும் இன்சுலின் எதிர்ப்பின், அதாவது உடல் இன்சுலினுக்குச் சரியாக இணங்காததன் அடையாளம். அங்கே முதலில் தேவை சர்க்கரைப் பரிசோதனை.

எல்லாவற்றிலும் ஆபத்தானது, மருத்துவர் சொல்லாமல் ஸ்டீராய்டு க்ரீம் பூசுவது. ட்யூபின் பின்புறம் பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், குளோபெட்டசால் என்று இருக்கிறதா பாருங்கள். முதல் சில வாரம் முகம் பளிச்சென்று இருக்கும். அதை நம்பித் தொடர்ந்தால் தோல் மெலிந்து, சிவந்து, ரத்தநாளம் தெரியத் தொடங்கும். பருவும் முடியும் முளைக்கும். மாதக்கணக்கில் பூசியவர்கள் தாமாக நிறுத்தினால் கடும் எரிச்சல் வரும், மருத்துவர் சொல்படிதான் விட வேண்டும். கருமையைக் குறைக்கத் தரும் ஹைட்ரோகுவினோன் மருந்தையும் கண்காணிப்பில்லாமல் நெடுநாள் பூசினால் நீலம் பாய்ந்த கருமை படியும். அதைப் போக்குவது மிகக் கடினம். மூலப்பொருள் அச்சிடாத சிவப்பழகு க்ரீமில் பாதரசம் இருக்கலாம், தொடவே வேண்டாம்.

சன்ஸ்கிரீன் பூசியும் பலனில்லை என்பவர்கள் பெரும்பாலும் பொட்டளவே பூசுகிறார்கள். முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம் வேண்டும். வெயில் தடுக்கும் திறனைக் காட்டும் எஸ்பிஎஃப் எண் 30க்குக் குறையக் கூடாது. வெளியில் இருந்தால் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை மீண்டும் பூச வேண்டும். கண்ணுக்குத் தெரியும் ஒளியும் மங்கு படர்வதைத் தூண்டும் என்பதால், மங்கு உள்ளவர்களுக்கு இரும்பு ஆக்சைடு கலந்த, தோல் நிறச் சன்ஸ்கிரீன் நல்லது.

மருந்துகளை ஒரே நேரத்தில் அடுக்காதீர்கள். 15 முதல் 20% அசெலாயிக் அமிலமோ 5% நியாசினமைடோ, ஒன்றில் தொடங்குங்கள். வைட்டமின் ஏ வகை மருந்தான ரெட்டினாய்டு என்றால் இரவில், பட்டாணி அளவு, முதலில் வாரம் 2 நாள் போதும். கர்ப்பிணிகளுக்கு அது கூடாது. மாற்றம் தெரிய 8 முதல் 12 வாரமாகும், மூன்றாவது வாரத்திலேயே க்ரீமை மாற்றாதீர்கள்.

ஒரே ஒரு புள்ளி மட்டும் வளர்ந்தாலோ, ஓரம் கோணலானாலோ, ரத்தம் கசிந்தாலோ எதையும் பூசாமல் உடனே தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.