யெஸ் இசைக்குழுவின் 50-ஆம் ஆண்டு ரசிகர் பதிவுகள்: பதிவிறக்கும் முன் இதைப் பாருங்கள்

1968-இல் லண்டனில் தொடங்கிய யெஸ் ராக் குழுவின் பொன்விழா 2018-இல் வந்தபோது, அந்தப் பெயரில் இரண்டு குழுக்கள் மேடையேறின. கிட்டார் கலைஞர் ஸ்டீவ் ஹௌ, டிரம்ஸ் கலைஞர் ஆலன் வைட் இருந்தது ஒன்று. குழுவின் முதல் பாடகர் ஜான் ஆண்டர்சன், கிட்டார் கலைஞர் ட்ரெவர் ராபின், கீபோர்டு கலைஞர் ரிக் வேக்மேன் சேர்ந்தது இன்னொன்று. அதனால் ரசிகர்கள் அரங்கில் பதிந்து பகிரும் கோப்பில் 'யெஸ் 2018' என்று மட்டும் இருந்தால் போதாது. பாடகர் யார் என்று முதலில் பாருங்கள். ஆண்டர்சனின் குரலுக்காகத் தேடுபவருக்கு அதுதான் எல்லாமே.

அடுத்தது ஒலித்தரம். ரசிகர் பதிவில் ஆரவாரமான பாட்டைக் கேட்டு முடிவு செய்யாதீர்கள், அதில் எல்லாப் பதிவும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஹௌ தனியாக அக்கூஸ்டிக் கிட்டார் வாசிக்கும் இடத்துக்குப் போங்கள். பக்கத்து இருக்கைப் பேச்சு கிட்டாரை மூடுகிறதா? அப்படியானால் வேறு பதிவு தேடலாம்.

ஃப்ளாக் (தரம் குறையாமல் ஒலியைச் சுருக்கும் வடிவம்) கோப்பு என்றாலும் உடனே நம்ப வேண்டாம். ஆடாசிட்டி என்ற இலவச ஒலி மென்பொருளில் திறந்து, ஒலியின் அதிர்வெண்களைப் படமாகக் காட்டும் ஸ்பெக்ட்ரோகிராம் காட்சிக்கு மாற்றுங்கள். 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் கத்தியால் வெட்டியதுபோல் வெறுமையாக இருந்தால், பெரும்பாலும் அது தரம் குறைத்துச் சுருக்கிய எம்பி3-யிலிருந்து மாற்றியது. கூடவே வரும் உரைக்கோப்பில் எந்த மைக், எந்த ரெக்கார்டர், அரங்கில் எங்கே நின்று பதிந்தார்கள் என்ற விவரம் இருக்கும். அதை அழிக்காமல் பாட்டுகளோடு அதே ஃபோல்டரில் வையுங்கள்.

இன்னொன்று: ஹௌ தரப்பின் 2018 ஃபிலடெல்ஃபியா நிகழ்ச்சிகள் 2019-இல் அதிகாரபூர்வ ஆல்பமாகவே வந்துவிட்டன. அவற்றைக் காசு கொடுத்து வாங்குங்கள், கலைஞர்களுக்கு அதுதான் நியாயம். ரசிகர் பதிவை யாராவது விலைக்கு விற்றால் வாங்கவே வேண்டாம்.