உள்ளங்கை ஓயாமல் வேர்க்கிறதா? இங்கிலாந்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

இங்கே வேலைக்கான நேர்முகமே கைகுலுக்கலில்தான் தொடங்கும். கை எப்போதும் ஈரமாக இருப்பவருக்கு அந்த ஒரு நொடி எவ்வளவு பாரம் என்று எனக்குத் தெரியும். ஊரில் வெயிலைச் சொல்லிச் சமாளித்தோம். ஜனவரிக் குளிரில் அது எடுபடாது. இது சுத்தக் குறைவோ பயந்த சுபாவமோ அல்ல. ஹைப்பர்ஹைட்ரோசிஸ் என்ற, அளவுக்கு மீறி வேர்க்கும் கோளாறு, மருத்துவமும் உண்டு.

முதலில் பார்மசிக்குப் போங்கள். டியோடரன்ட் வாசனையைத்தான் மறைக்கும், வேர்வையை நிறுத்தாது. 20 சதவீத அலுமினியம் குளோரைடு உள்ள ட்ரைக்ளோர் போன்ற மருந்தைக் கேளுங்கள், மருத்துவர் சீட்டு வேண்டாம். இரவு படுக்கும் முன், ஈரமே இல்லாத தோலில் தடவி, காலையில் கழுவ வேண்டும். ஈரத்தோலில் போட்டால் எரியும். பலர் இரண்டே நாளில் கைவிடுவது இதனால்தான். அக்குளில் சவரம் செய்த கையோடு போடவே போடாதீர்கள்.

சில வாரம் போட்டும் கேட்கவில்லையா? ஜிபியிடம், அதாவது உங்கள் பகுதிப் பொது மருத்துவரிடம் போங்கள். இன்னும் பதியவில்லை என்றால் இன்றே பதியுங்கள். கட்டணம் கிடையாது, முகவரிச் சான்றும் கட்டாயமில்லை. ஆங்கிலம் தயக்கமாக இருந்தால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்பதிவின்போதே சொல்லுங்கள், அதுவும் இலவசம். உள்ளே போய் "கொஞ்சம் வேர்க்கும்" என்று சுருக்கிவிடாதீர்கள். எழுதும்போது தாள் நனைகிறது, போன் திரை விரலுக்கு வேலை செய்வதில்லை என்று நடப்பதைச் சொல்லுங்கள்.

தோல் மருத்துவரிடம் அனுப்பினால், கை கால்களுக்கு அயன்டோஃபோரெசிஸ் கேட்டுப் பாருங்கள். தண்ணீரில் கையை வைத்து மெல்லிய மின்சாரம் செலுத்துவார்கள். வலி அதிகம் இராது. பலன் நிற்க, தொடர்ந்து செய்துவர வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் பேஸ்மேக்கர் உள்ளவர்களுக்கும் இது ஆகாது. மாத்திரைகளும் உண்டு, வாய் வறளும். போடாக்ஸ் ஊசி சில மாதங்கள் தாங்கும், ஆனால் பெரும்பாலும் சொந்தச் செலவுதான். நரம்பை வெட்டும் அறுவை சிகிச்சைக்கு அவசரப்படாதீர்கள். கை காய்ந்துவிடும், சரி. முதுகிலும் மார்பிலும் வேர்வை கூடிவிடலாம், அதைத் திருப்ப முடியாமலும் போகலாம்.

ஒன்று மட்டும் வேறு. இரவில் படுக்கை நனையும் அளவுக்கு வேர்த்து, எடையும் குறைந்து, இருமலோ காய்ச்சலோ இருந்தால் பார்மசியில் நேரம் கடத்தாதீர்கள். காசநோய், தைராய்டு என வேறு காரணம் இருக்கலாம். உடனே ஜிபியைப் பாருங்கள்.